பத்து 'பாயிண்ட்' வேண்டாம், நாலு ஊர் போதும்: ஹிமாச்சலுக்கு டூர் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து ஹிமாச்சலப் பிரதேசத்துக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் அன்பர்களுக்கு,

வணக்கம். பொங்கல் முடிந்த கையோடு உங்கள் நோட்டீஸ்கள் வரத் தொடங்கிவிடும். காலையில் நாளிதழை உதறினால் ஒன்று விழும். வாட்ஸ்அப்பைத் திறந்தால் இன்னொன்று நிற்கும். பனி மூடிய மலை, முன்னால் ஒரு குதிரை, கீழே மஞ்சள் எழுத்தில் 'டெல்லி, ஆக்ரா, சிம்லா, குலு, மணாலி'. தென்னிந்தியச் சாப்பாடு, தமிழ் பேசும் மேனேஜர், பனி பார்ப்பது உறுதி. நிறுவனத்தின் பெயரை மட்டும் மறைத்துவிட்டுக் காட்டினால் எது யாருடையது என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

குறை சொல்வதற்கு முன்னால் உரிய நன்றியைச் சொல்லிவிடுகிறேன். இந்தியில் ஒரு சொல் தெரியாத தம்பதிகளையும், வாழ்நாளில் ஸ்வெட்டர் வாங்கியிராத பாட்டிமார்களையும் இமயமலை வரை பத்திரமாகக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள். நடுராத்திரியில் மாத்திரை தேடி அலைவது, தாபாக்காரரிடம் சர்க்கரை இல்லாத டீக்கு மன்றாடுவது, ஊர் திரும்பும் வரை நாற்பது பேரைத் தலை எண்ணிக்கொண்டே இருப்பது எல்லாம் லேசான காரியமில்லை. எங்கள் குடும்பத்தில் பலர் உங்களைப் போன்றவர்களோடு போய்வந்தவர்கள். நானும் அப்படிப் போயிருக்கிறேன், பிறகு நானாகவும் போயிருக்கிறேன். இரண்டு விதமும் பார்த்தவன் என்ற முறையில் கேட்பது ஒன்றே ஒன்று: காட்டும் இடங்களைக் குறையுங்கள், தங்கும் இரவுகளைக் கூட்டுங்கள்.

கணக்கைப் பாருங்கள். சிம்லாவிலிருந்து மணாலி சுமார் 250 கிலோமீட்டர். நம் நான்குவழிச் சாலையில் அது நாலு மணி நேரப் பயணம். அங்கே ஏழெட்டு மணி நேரம். வழியில் மண் சரிந்திருந்தாலோ லாரி ஒன்று நின்றுபோயிருந்தாலோ பத்து. டெல்லியிலிருந்து மணாலி 500 கிலோமீட்டருக்கு மேல். ஓர் இரவு முழுக்க பஸ்ஸில் போய்விடும். இதையெல்லாம் ஒரு வாரத்துக்குள் திணித்து, நடுவே ஆக்ராவையும் செருகினால் பயணி விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி ஜன்னலோரத்திலேயே கழிகிறது. வளைவுக்கு வளைவு குமட்டுகிறவருக்கு அந்த ஜன்னலும் காட்சி பார்ப்பதற்காக இல்லை.

12 மாவட்டங்கள் கொண்ட மாநிலம் அது. ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் தனித் தொப்பி, தனிச் சமையல், தனி வழக்கு உண்டு. அதில் நீங்கள் காட்டுவது இரண்டு கடைத்தெருக்களையும் அவற்றை இணைக்கும் ஒரு நெடுஞ்சாலையையும்தான்.

முதலில் சிம்லாவுக்குப் போகும் வழி. கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 1903 முதல் ஒரு சின்ன ரயில் ஓடுகிறது. 96 கிலோமீட்டர் சொச்சம், 102 குகைகள், எண்ணூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் நம் நீலகிரி மலை ரயிலும் இதுவும் ஒரே பதிவின் கீழ் இருக்கின்றன. நம்முடையது 2005இல் சேர்ந்தது, இது 2008இல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏற நம் வண்டிக்குப் பல்சக்கரம் வேண்டும். கால்கா வண்டிக்கு அது கிடையாது. மலையைச் சுற்றியும் வளைந்தும் நெளிந்துமே 650 மீட்டர் உயரத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பாதையிலேயே நீளமான குகை ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். அதன் வாயை ஒட்டி பரோக் நிலையம். கனோ பக்கம் அடுக்கடுக்காக வளைவுகள் கட்டி எழுப்பிய கல்பாலம் ஒன்று வரும். வண்டி அதன்மேல் திரும்பும்போது பின்பெட்டியில் இருப்பவர் முன்பெட்டியைப் பார்த்துக் கையசைக்கலாம்.

இதை நீங்கள் ஏன் தவிர்க்கிறீர்கள் என்பது புரிகிறது. ரயிலுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், சாலையில் மூன்று போதும். நாற்பது பேருக்கு மொத்தமாக டிக்கெட் கிடைப்பதும் பாடுதான். ஆனால் காலை 'லோக்கல் சைட் சீயிங்' என்று போட்டுவிட்டு மாலையில் கடைத்தெருவில் மூன்று மணி நேரம் 'ஃப்ரீ டைம்' விடுகிறீர்களே, அந்த நேரத்தை இங்கே கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும். ஊட்டி ரயிலுக்கு டிக்கெட் கிடைக்காமல் ஏங்கும் தமிழ்க் குடும்பங்களிடம் இதைச் சொல்லி விற்கத் தெரியவில்லை என்றால் அது வியாபாரத்திலும் குறைதான்.

சிம்லாவுக்குள் ஒரே ஓர் இடம் காட்டுவதென்றால் 1888இல் கட்டி முடித்த வைஸ்ராய் மாளிகையைக் காட்டுங்கள். 1945இல் வேவல் பிரபு காந்தி, ஜின்னா, ஆசாத் முதலான தலைவர்களை அழைத்துப் பேசிய சிம்லா மாநாடு நடந்த இடம். சுதந்திரத்துக்குப் பின் அது குடியரசுத் தலைவருக்கான கோடைக்கால மாளிகையாக இருந்தது. அதை ஆராய்ச்சியாளர்களுக்கென்று விட்டுக்கொடுத்தவர் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன். 1965இல் இந்திய உயர் ஆய்வு நிறுவனம் அங்கே திறக்கப்பட்டது. இதைச் சொல்ல உங்கள் தமிழ் மேனேஜருக்கு இரண்டு நிமிடம் ஆகாது. நான் போன குழுவில் அந்த மாளிகையின் வாசலைப் பஸ்ஸிலிருந்தே கைநீட்டிக் காட்டிவிட்டுக் குஃப்ரிக்கு விரட்டினார்கள்.

அந்தக் குஃப்ரியைப் பற்றி ஒரு வார்த்தை. பஸ் நின்றதும் வாடகை ரப்பர் பூட்ஸ் குவியல். முந்தின ஆளின் ஈரம் உள்ளே அப்படியே இருக்கும். அதற்குள் காலை நுழைத்துக்கொண்டு, சேறும் சாணமும் கணுக்கால் வரை குழைந்த பாதையில் குதிரைமேல் ஏற வேண்டும். ஒன்றின் வால் அடுத்ததன் முகத்தில் படுகிற நெருக்கத்தில் நூறு குதிரைகள். மேலே போனால் தொலைநோக்கி வைத்திருப்பவர் ஒருவர், யாக் எருதுமேல் உட்காரவைத்துப் படம் எடுப்பவர் ஒருவர், ஒரு நூடுல்ஸ் கடை. எங்கள் பெரியம்மா குதிரையின் பிடரியைக் கட்டிக்கொண்டு "முருகா, இறக்கிவிடு" என்று சொல்லிக்கொண்டே போய்வந்தார். மலை எப்படி இருந்தது என்று கேட்டால் இன்றுவரை குதிரையைப் பற்றித்தான் பேசுகிறார். பிழைப்புக்காகக் குதிரை வைத்திருக்கும் மனிதர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தனை பேரையும் ஒரே சரிவில் கொண்டுபோய்க் கொட்டுகிற நம் பழக்கத்தின்மேல்தான் கோபம்.

அதே சாலையில் இன்னும் இரண்டு மணி நேரம் தாண்டினால் நார்கண்டா. மேலே 3,400 மீட்டரில் ஹாட்டு சிகரம், வழியெல்லாம் தேவதாரு, ஸ்ப்ரூஸ் காடு. அங்கிருந்து சற்று இறங்கினால் தானேதார், கோட்கட். நம் ஊர்ப் பழக்கடையில் 'சிம்லா ஆப்பிள்' என்று கூவி விற்கிறார்களே, அதன் பிறந்த வீடு இது. 1904இல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய இந்தியா வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் இந்த மலையிலேயே பெண் எடுத்து, நிலம் வாங்கி, அமெரிக்காவிலிருந்து ரெட் டெலிஷியஸ் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். காங்கிரஸில் சேர்ந்து சிறைக்கும் போனார். பிற்காலத்தில் சத்தியானந்த ஸ்டோக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டார். ஏப்ரலில் போனால் தோட்டமெல்லாம் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் கிடக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் பெட்டி பெட்டியாகப் பழம் இறங்கும். வேலி கட்டி டிக்கெட் போட்ட 'ஆப்பிள் கார்டன்' பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் பயணிகளே சொல்வார்கள்.

இந்தச் சாலையிலேயே சட்லஜ் நதியை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தால் கின்னௌர் மாவட்டம் வந்துவிடும். அதன் வாசலில் சராஹன். அங்கே பீமாகாளி கோயில். கல் ஒரு வரி, தேவதாரு உத்தரம் ஒரு வரி என்று மாற்றி மாற்றி அடுக்கி எழுப்பிய சுவர். காத்-குணி என்று அதற்குப் பெயர். சாந்து பூசி இறுக்காததால் பூமி அதிரும்போது சுவர் ஆடிக்கொடுக்கும், சட்டென்று இடிந்து விழாது. கோயிலுக்கென்றே பயணம் புறப்படும் நம் மக்களுக்கு இதைக் காட்டாமல் திரும்புவது எனக்குப் புரியவே இல்லை.

அடுத்தது கல்பா, 2,960 மீட்டர். ஜன்னல் திரையை விலக்கினால் நேர் எதிரே கின்னர் கைலாஷ் சிகரம். பார்க்க எங்கும் போக வேண்டாம், நாற்காலியை வராந்தாவில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தால் போதும். முட்டிவலிக்காரர்களுக்கு இதைவிட ஏற்ற ஊர் ஹிமாச்சலிலேயே கிடையாது என்பது என் கட்சி. பனி விழுவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்கான வாக்குப்பதிவு இந்தப் பகுதியில் 1951 அக்டோபரிலேயே நடந்தது. அன்று வாக்களித்த கல்பா பள்ளி ஆசிரியர் ஷியாம் சரண் நேகியைத்தான் சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் என்கிறார்கள். 2022 நவம்பரில் தமது 105ஆவது வயதில், தபால் வாக்கு ஒன்றைப் போட்டுவிட்டுச் சில நாட்களில் காலமானார். பக்கத்துப் பள்ளத்தாக்கில் பஸ்பா ஆற்றங்கரையோடு போனால் சாங்லா. சாலை முடியும் இடத்தில் 3,450 மீட்டரில் சித்குல். கோதுமையும் பக்வீட் எனப்படும் பாப்பரையும் விளையும் வயல், பலகை வேய்ந்த வீடுகள், அதற்கப்பால் திபெத் எல்லை மலைகள்.

ஸ்பிதி பள்ளத்தாக்கைப் பற்றி கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. இளைஞர்களுக்கென்று நீங்கள் இப்போது ஸ்பிதி பேக்கேஜ் போடுகிறீர்கள். பல நோட்டீஸ்களில் மணாலியிலிருந்து நேராக ஏற்றுகிறீர்கள். மணாலி 2,000 மீட்டர் சொச்சம். மறுநாளே குன்சும் கணவாய்க்கருகே சந்திரதால் ஏரியின் பக்கம் 4,200 மீட்டருக்கு மேல் கூடாரத்தில் படுக்க வைத்தால் உடம்பு என்ன செய்யும்? தலை வெடிக்கும், சாப்பாடு வெளியே வரும், தூக்கம் வராது. முற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. வயது இதற்குக் கேடயம் இல்லை. ஜிம்முக்குப் போகிற பையன்தான் முதலில் விழுவான், ஏனென்றால் அவன்தான் தலைவலியை வெளியே சொல்ல மாட்டான்.

கின்னௌர் வழியாகப் போனால் இந்தச் சிக்கலில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். சிம்லா, கல்பா, நாக்கோ, தாபோ, பிறகு காசா. உடம்புக்கு அவகாசம் கொடுத்துக்கொண்டே ஏறும் பாதை. குன்சும் ஜூன் வாக்கில்தான் திறக்கும். இந்தப் பாதையோ பனியும் மண்சரிவும் மறிக்கும் நாட்கள் போக ஆண்டின் பெரும்பகுதி திறந்திருக்கும். அதனால் மே மாத விடுமுறைக்கும் இதுவே தோது.

தாபோ மடாலயம் 996இல் நிறுவப்பட்டது. தஞ்சையில் ராஜராஜன் அரியணையில் இருந்த ஆண்டுகள் அவை. பெரிய கோயில் எழும்பியிராத காலம். வெறும் மண்ணால் கட்டிய சுவர்கள் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன, ஏனென்றால் அங்கே மழை எட்டிப்பார்ப்பதே அரிது. உள்ளே விளக்கு கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இருட்டில் ஐந்து நிமிடம் சும்மா நின்றால்தான் கண் பழகி, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சுதைச் சிற்பங்களும் அவற்றுக்குக் கீழே ஓவியங்களும் ஒவ்வொன்றாகத் தெரியும். படம் எடுக்க அனுமதி இல்லை. "பதினைந்து நிமிடத்தில் எல்லோரும் வண்டிக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்லி இறக்கிவிட்டால் அவர்கள் பார்த்துவிட்டு வருவது இருட்டை மட்டும்தான்.

காசாவில் மூன்று இரவு போடுங்கள். குன்றின்மேல் கட்டிய கீ மடாலயம். 4,400 மீட்டர் உயரத்தில், உலகின் மிக உயரமான தபால் நிலையங்களில் ஒன்றான ஹிக்கிம். புத்தர் சிலை பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் லாங்சா. லாங்சாவில் சிறுவர்கள் சுருள் சுருளான கல்லை நீட்டுவார்கள். அது டெதிஸ் கடல் இங்கே கிடந்த காலத்து உயிரினத்தின் புதைபடிவம். அதை வாங்க வேண்டாம் என்று முன்கூட்டியே உங்கள் ஆட்களுக்குச் சொல்லி வையுங்கள். மலையைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டு வருவதற்கா போனோம்?

மணாலிக்கு வருகிறேன். மணாலியை விட்டுவிடச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். ஆனால் அங்கே இடும்பி இருக்கிறாள். பீமனின் மனைவி, கடோற்கசனின் தாய். 1553இல் ராஜா பகதூர் சிங் தேவதாரு காட்டுக்குள் அவளுக்கு எழுப்பிய ஹடிம்பா கோயிலுக்கு நீங்கள் கொடுப்பது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்திலும், கையில் முயலைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லும் பெண்கள் பாதியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கோயில் கதவு முழுக்கச் செதுக்கிய மரவேலையை நிமிர்ந்து பார்க்க ஆளில்லை. குலு அரச குடும்பத்துக்கு அவள் பாட்டி முறை. அவள் பல்லக்கு வந்து சேராமல் குலு தசரா தொடங்காது.

அந்தத் தசராவைத்தான் நீங்கள் இத்தனை ஆண்டுகளாகக் கோட்டைவிடுகிறீர்கள். நாடெங்கும் தசரா முடியும் விஜயதசமியன்றுதான் குலுவில் தொடங்கும். ஏழு நாள் நடக்கும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட தெய்வங்கள் தோளில் ஏறி, கொம்பும் முரசும் முழங்க, தால்பூர் மைதானத்துக்கு வந்து ரகுநாதரை வணங்கும். இரண்டு கிராமத்துத் தெய்வங்கள் எதிரெதிரே வந்தால் பல்லக்குகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து குலவிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறை பல ஆண்டுகளில் இதை ஒட்டியே வருகிறது. வானம் கழுவிவிட்டது போல் தெளிந்திருக்கும் காலமும் அதுதான். மே மாதத்து நெரிசலில் ஆளுக்கு ஆள் விலையை ஏற்றி அறை பிடிப்பதற்குப் பதில் இங்கே வந்தால் என்ன?

அடல் சுரங்கப்பாதையையும் வெறும் படப்பிடிப்பு இடமாக்கிவிட்டோம். 9 கிலோமீட்டர் நீளம். 2020 அக்டோபரில் திறந்தது. அதற்கு முன் சுரங்கத்துக்கு அப்பால் இருக்கும் லாஹௌல் பள்ளத்தாக்கு மக்கள் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் பனியால் அடைபட்டுக் கிடந்தார்கள். நோயாளியை வெளியே கொண்டுவர ஹெலிகாப்டரை எதிர்பார்த்திருந்தார்கள். இப்போது நாம் சுரங்கத்தின் வடவாயிலில் இறங்கி, பனியில் நான்கு புரட்டல் புரண்டு, சிப்ஸ் உறையைப் போட்டுவிட்டுத் திரும்புகிறோம். இன்னும் கொஞ்சம் போனால் சந்திரா, பாகா ஆறுகள் கூடும் 'தாண்டி' என்ற ஊர், அங்கிருந்துதான் செனாப். அப்பால் இந்துக்களும் பௌத்தர்களும் ஒரே மூர்த்தியை அவரவர் பெயரில் வழிபடும் திரிலோகநாதர் கோயில். பியாஸ் ஆற்றின் இடக்கரையில் நக்கர் வேறு இருக்கிறது: பழைய குலு அரண்மனையும், ரஷ்ய ஓவியர் நிகோலஸ் ரோரிக் 1947இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடும். சால்வை வாங்கத்தான் நிறுத்துவோம் என்றால், கமிஷன் கடையை விட்டுவிட்டு 1944இல் நெசவாளர்களே சேர்ந்து தொடங்கிய புட்டிகோ கூட்டுறவுச் சங்கத்தில் நிறுத்துங்கள். நம் கோ-ஆப்டெக்ஸில் வாங்கிப் பழகியவர்களுக்கு விலைச்சீட்டைப் பார்த்ததுமே நம்பிக்கை வந்துவிடும்.

காங்ராவுக்கு நீங்கள் போவதே குறைவு. போனாலும் தரம்சாலா கிரிக்கெட் மைதானத்தோடும், தலாய் லாமா 1960 முதல் வசிக்கும் மெக்லியோட் கஞ்ச்சின் கடைகளோடும் முடித்துவிடுகிறீர்கள். அந்த மாவட்டத்தில் மஸ்ரூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரே மணற்கல் குன்றைக் குடைந்தும் செதுக்கியும் எடுத்த கோயில்கள், சுமார் எட்டாம் நூற்றாண்டு. மாமல்லபுரத்து ரதங்களையும் கழுகுமலை வெட்டுவான் கோயிலையும் பார்த்த கண்ணுக்கு இது என்ன வேலை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நம்முடையது கருங்கல், உளிக்கு முரண்டு பிடிக்கும், பிறகு காலத்துக்கும் முரண்டு பிடிக்கும். இங்கே மணற்கல், மழையும் வெயிலும் முகங்களை மழுக்கிவிட்டன, 1905 ஏப்ரலில் சுமார் இருபதாயிரம் பேரைக் கொன்ற காங்ரா நிலநடுக்கம் ஒரு பகுதியை உடைத்துப் போட்டது. ஆனாலும் கொடிக்கருக்கு அங்கங்கே கூர்மையாகவே இருக்கிறது. பாறைக்குள்ளேயே வெட்டிய படிக்கட்டு கூரைவரை ஏறுகிறது. முன்னால் ஒரு குளம். அதில் கோயிலின் நிழல், நிமிர்ந்தால் தௌலாதார் மலைத்தொடரின் பனி. நான் போன அன்று காவலாளியும் இரண்டு ஆடுகளும் தவிர யாரும் இல்லை. குஃப்ரியில் அதே நேரத்தில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

பைஜ்நாத்தும் இங்கேதான். ஆஹுகன், மன்யுகன் என்ற இரண்டு வணிகச் சகோதரர்கள் 1204இல் எழுப்பிய சிவன் கோயில், கல்வெட்டே சாட்சி. ராவணன் தவம் செய்த தலம் என்பதால் தசரா நாளில் இந்த ஊரில் அவன் கொடும்பாவியைக் கொளுத்துவதில்லை. பக்கத்தில் பாலம்பூர் தேயிலைத் தோட்டங்கள், பீர்-பில்லிங்கில் பாராகிளைடிங். பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர் நகர் வரை 1929 முதல் ஓடும் 164 கிலோமீட்டர் குறுகிய ரயில்பாதை இந்த ஊர்களையெல்லாம் தொட்டுக்கொண்டு போகும். 2022 ஆகஸ்ட் வெள்ளம் சக்கி ஆற்றுப் பாலத்தை அடித்துக்கொண்டு போனதிலிருந்து சேவையில் தடங்கல்கள் உண்டு. எந்தப் பகுதி ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுத் திட்டம் போடுங்கள். டல்ஹௌசி, கஜ்ஜியார் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நேரமிருந்தால் அவற்றைத் தாண்டிச் சம்பா நகரத்துக்கே போய் லட்சுமி நாராயணர் கோயிலையும் பூரி சிங் அருங்காட்சியகத்தில் இரு பக்கமும் ஒரே மாதிரி தெரியும்படி தைத்த சம்பா ருமால் என்ற பூவேலைத் துணியையும் பார்ப்பது மேல்.

சாப்பாட்டு விஷயத்தில் உங்களோடு எனக்கு ஒரு செல்லச் சண்டை. சமையல்காரரையும் கேஸ் அடுப்பையும் கூடவே ஏற்றிக்கொண்டு போவது முதியவர்களுக்கு நல்லதுதான். தயிர்சாதத்தை யாரும் பிடுங்க வேண்டாம். ஆனால் ஹிமாச்சல் விருந்தான 'தாம்' நமக்கு அந்நியமே இல்லை. தரையில் வரிசையாகப் பந்தி, தைத்த இலை, சுடச்சுட வெள்ளைச் சோறு. அதன்மேல் தயிரில் கொதிக்கவிட்ட கொண்டைக்கடலை மத்ரா, ராஜ்மா, உளுத்தம் பருப்பு, புளிப்பும் இனிப்புமான கட்டா, கடைசியில் இனிப்புச் சோறு. 'போட்டி' என்று அங்கே அழைக்கப்படும் பரம்பரைச் சமையல்காரர்கள் பித்தளை அண்டாவில் விறகடுப்பில் சமைப்பார்கள். ரொட்டியே கிடையாது! மணாலியில் உட்கார்ந்து உறைந்த இட்லியைத் தின்றுவிட்டு "அங்கே சாப்பாடு சரியில்லை" என்று சொல்கிற நம்மவர்களுக்கு இதை ஒரு வேளையாவது போடுங்கள். குளிர்காலையில் நெய் ஊற்றிய சித்துவையும் கொடுங்கள். கோதுமை மாவைப் புளிக்கவைத்து உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைப்பது. கொழுக்கட்டை தின்றவர்கள் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள்.

மழைக்காலத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. ஜூலை, ஆகஸ்டில் 'ஆஃப் சீசன் தள்ளுபடி' என்று விற்கிறீர்கள். 2023 ஜூலையில் பியாஸ் ஆறு குலு-மணாலி நெடுஞ்சாலையைத் துண்டு துண்டாக அரித்துக்கொண்டு போனது. சந்திரதால் பக்கம் கூடாரங்களில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் பனியில் சிக்கி மீட்கப்பட்டார்கள். அடுத்த மாதம் சிம்லாவின் சம்மர் ஹில்லில் மலை சரிந்து, காலைப் பூசைக்கு வந்தவர்களோடு சிவன் கோயிலைப் புதைத்தது. அதே சரிவில் கால்கா ரயிலின் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அதற்குப் பிந்தைய மழைகளும் சாதுவாக இல்லை. ஸ்பிதியும் லாஹௌலும் மழை மறைவுப் பிரதேசம், உண்மைதான். ஆனால் அங்கே போய்ச் சேரும் சாலை மறைவுப் பிரதேசத்தில் இல்லை. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை விற்காமல் இருந்தால் உங்களுக்கு எவ்வளவு நட்டம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் வாங்கும் குடும்பத்துக்கு எவ்வளவு நட்டமாகலாம் என்று தெரியும்.

தண்ணீரும் அப்படித்தான். 2018 மே, ஜூனில் சிம்லாவில் குழாய்கள் வறண்டு, உள்ளூர்க்காரர்கள் குடத்தோடு தெருவில் நின்றார்கள். தயவுசெய்து இப்போது வராதீர்கள் என்று அவர்களே சமூக ஊடகங்களில் பயணிகளைக் கேட்டுக்கொண்டார்கள். குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த அனுபவம் நமக்குப் புதிதில்லை. நாற்பது பேரை மூன்று ஊர்களுக்குப் பிரித்து அனுப்பினால் ஒரு மலையின்மேல் விழும் பாரம் குறையும்.

ஆகவே நோட்டீஸில் சில வரிகள் சேருங்கள். எந்த நாளில் எத்தனை மணி நேரம் வண்டியில், இரவு தங்கும் ஊரின் உயரம் எத்தனை மீட்டர், சாலை அடைபட்டால் மாற்று ஏற்பாடும் பணமும் என்ன ஆகும் என்று அச்சடியுங்கள். 'பனி உறுதி' என்பதை எடுத்துவிடுங்கள். பனியை உறுதி செய்ய உங்களுக்கும் அதிகாரமில்லை, எனக்கும் இல்லை. மணாலிக்கு மேலுள்ள ரோத்தாங் கணவாய்க்குத் தினசரி வாகனங்களுக்கு உச்சவரம்பும் பெர்மிட்டும் உண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மணாலிக்குப் போன பிறகு "சார், பெர்மிட் கிடைக்கவில்லை, தனி ஜீப்புக்குத் தனிக் காசு" என்று கேட்பது மரியாதையாக இல்லை.

இந்தக் கோடைக்கான நோட்டீஸ் அச்சாகிவிட்டிருக்கும், அதை விடுங்கள். காலாண்டு விடுமுறைக்கானது ஆடியில்தான் அச்சுக்குப் போகும். அதில் ஒரே ஒரு பேக்கேஜை இப்படிப் போட்டுப் பாருங்கள். மதுரையிலிருந்து சண்டிகருக்கு நேரடி ரயிலே இருக்கிறது. அதில் வந்து இறங்கி, கால்காவிலிருந்து மலை ரயிலில் சிம்லா, இரண்டு இரவு. நார்கண்டா வழியாக 3,120 மீட்டர் ஜலோரி கணவாயைத் தாண்டித் தீர்த்தன் பள்ளத்தாக்கு, மூன்று இரவு. 2014இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பெரிய இமாலயத் தேசியப் பூங்காவின் வாசல் அது. செங்குத்தான பாதை என்பதால் பெரிய பஸ் வேண்டாம், டெம்போ டிராவலர் போதும். பிறகு நக்கரில் மூன்று இரவு, விஜயதசமி மாலை குலு மைதானம். ஆக்ரா வேண்டாம், குஃப்ரி வேண்டாம், குதிரை வேண்டவே வேண்டாம். இரண்டு இருக்கைகளுக்கு முன்பணம் கட்ட நான் தயார். ஒன்று எனக்கு, இன்னொன்று பெரியம்மாவுக்கு.

இப்படிக்கு,
உங்கள் பழைய பயணி ஒருவன்